சீருடையும் கடைத்தெருவும்

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது போலத் தோன்றும். பள்ளிப் பிள்ளைகள் அணியும் சட்டையும் பாவாடையும் கால்சட்டையும் கடைத்தெருவில் கிடைக்கின்றனவா என்பதே அது. 'இதையும் ஒரு பொருளாகக் கொண்டு பேச வேண்டுமா?' என்று சிலர் எண்ணலாம். ஆயினும், சட்டை ஒன்று கிடைக்காமையால் ஒரு குழந்தை பள்ளி வாயிலில் தலைகுனிந்து நிற்க நேருமானால், அது சிறிய பொருள் ஆகுமா?

சீருடை எதற்காக வந்தது என்பதை முதலில் எண்ணிப் பார்ப்போம். உடை நம் மானத்தைக் காக்கிறது; அவ்வுடையே நம் வறுமையைப் பிறருக்குக் காட்டியும் கொடுக்கிறது. பட்டுச் சட்டை அணிந்த பிள்ளையும் ஒட்டுப் போட்ட சட்டை அணிந்த பிள்ளையும் ஒரே பலகையில் அமரும்போது, ஆசிரியர் வாய் திறப்பதற்கு முன்பே, 'நாம் இருவரும் ஒன்றல்லோம்' என்ற பாடத்தை அவர்கள் கற்றுவிடுகிறார்கள். அந்தத் தீய பாடத்தை அழிப்பதற்கென்றே சீருடை வந்தது.

நம் நாட்டில் அது வந்த வரலாறு எங்கள் திருவள்ளூர்ப் பகுதியோடு நெருங்கிய தொடர்புடையது. 1954 முதல் 1963 வரை காமராசர் முதலமைச்சராக இருந்தார். 1956இல் பள்ளிகளில் பகல் உணவுத் திட்டம் பரவத் தொடங்கியது. அப்போது கல்வித்துறைக்குத் தலைமை தாங்கிய நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள், ஊர்ப் பள்ளியின் குறைகளை ஊராரே கூடித் தீர்க்க வேண்டும் என்ற கருத்தோடு பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தைத் தொடங்கினார். அதன் முதல் மாநாடு 1958இல், திருவள்ளூருக்கு அருகிலுள்ள கடம்பத்தூரில் கூடியது. ஊர் மக்கள் தத்தம் பள்ளிக்கு வேண்டிய பொருள்களைத் தாமே முன்வந்து வழங்கினர். அவ்வியக்கம் வளர்ந்தபோது, ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடையும் அவ்வழியே கிடைத்தது. பின்னர் 1985இல், எம். ஜி. இராமச்சந்திரன் அவர்களின் ஆட்சியில், சத்துணவு உண்ணும் பிள்ளைகளுக்கு அரசே சீருடை வழங்கும் திட்டம் ஏற்பட்டது. 2012–13ஆம் கல்வியாண்டு முதல் ஆண்டுக்கு 4 இணைச் சீருடைகள் எனத் திட்டம் விரிந்தது. நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களில் நெய்த துணி, மகளிர் தையற் கூட்டுறவுச் சங்கங்களில் தைக்கப்பட்டுப் பிள்ளைகளின் கைக்கு வருகிறது. நெய்பவருக்கும் தைப்பவருக்கும் உடுப்பவருக்கும் ஒருங்கே பயன் தரும் ஏற்பாடு இது.

ஆயின், ஊரிலுள்ள பிள்ளைகள் எல்லாரும் இத்திட்டத்துக்குள் வருவதில்லை. தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குப் பெற்றோரே வாங்கித் தர வேண்டும். தனியார் பள்ளியில் படிப்போர் எல்லாரும் செல்வர் என்று எண்ணிவிடக் கூடாது. நான் வாழும் அத்திப்பட்டையே எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் புறநகர் இருப்புப்பாதையில், எண்ணூருக்கும் மீஞ்சூருக்கும் இடையே உள்ளது எங்கள் ஊர். வடசென்னை அனல்மின் நிலையம் இங்கேதான் இருக்கிறது. 2001இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பெற்று, 2014இல் காமராசரின் பெயரைப் பெற்ற எண்ணூர்த் துறைமுகமும் அருகில் உள்ளது. இங்கே ஒப்பந்தக் கூலிக்கு உழைப்பவர்களும், சரக்கு வண்டி ஓட்டுபவர்களும், கழிமுகத்தில் மீன் பிடிப்பவர்களும், வயிற்றைக் கட்டி வாயைக் கட்டித் தம் மக்களை ஆங்கிலவழிப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். அவர்களுக்குப் பணம் வாரக் கூலியாகவும் மாதக் கூலியாகவும் சிறுகச் சிறுக வருகிறது.

முன்பெல்லாம் அவர்கள் சீருடை வாங்கிய முறை எளிதாக இருந்தது. மீஞ்சூர்க் கடைத்தெருவிலோ பொன்னேரியிலோ துணிக்கடைக்குச் சென்றால், வெள்ளைச் சட்டைத் துணியும் நீலப் பாவாடைத் துணியும் காக்கித் துணியும் கட்டுக் கட்டாக இருக்கும். தாய் துணியை விரலால் தடவிப் பார்ப்பாள், சாயம் போகுமா என்று கேட்பாள், விலை பேசுவாள். கையில் பணம் குறைவானால் இம்மாதம் ஓர் இணை, அடுத்த மாதம் ஓர் இணை என்று எடுப்பாள். பழகிய கடைக்காரர் கடனுக்கும் தருவார். தையற்காரர் பிள்ளையை நிற்க வைத்து அளவெடுத்து, பாவாடையின் கீழ் ஓரத்தில் நான்கு விரற்கடை உள்மடிப்பு வைத்துத் தைப்பார். பிள்ளை வளர வளர அம்மடிப்பைப் பிரித்துவிடுவார்கள். ஓர் உடை ஈராண்டு உழைக்கும். பிறகு தங்கைக்குப் போகும்.

இன்று நிலைமை வேறு. சென்ற சூன் திங்களில் என் பெயர்த்திக்குச் சீருடை வாங்கப் புறப்பட்டேன். மூன்று கடைகள் ஏறி இறங்கினேன். திருமணப் பட்டு உண்டு; பிறந்தநாள் உடை உண்டு; பள்ளி உடை மட்டும் இல்லை. மூன்றாவது கடைக்காரர், "ஐயா, அந்தப் பள்ளித் துணி எங்களிடம் வருவதில்லை. பள்ளியார் சொல்லும் ஒருவரிடந்தான் கிடைக்கும், கைபேசியில் பணம் கட்டிப் பதிவு செய்ய வேண்டும்," என்றார். அவ்வாறே செய்தோம். மொத்தத் தொகையையும் முன்னதாகக் கட்டினோம். பொதி வந்தது, பிரித்துப் போட்டுப் பார்த்தால், சட்டை தோளில் பிடித்தது, பாவாடை இடுப்பில் நில்லாமல் நழுவியது. மாற்றி வருவதற்கு இரண்டு வாரம் ஆயிற்று. அந்த இரண்டு வாரமும் அக்குழந்தை வண்ண உடையில் பள்ளிக்குச் சென்று, காலை வணக்கத்தின்போது வரிசைக்குப் புறம்பே தனியாக நின்றாள். வேற்றுமையை மறைக்க வந்த உடையே அவளை வேறுபடுத்திக் காட்டியது.

இதற்குக் கடைக்காரரைக் குறை கூறலாமா? கூறுவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாணவர்களாகிய நீங்கள் தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆயத்த உடை 20, 22, 24 என்று தொடங்கி 40 வரை இரண்டிரண்டாக ஏறினால், அளவுகள் 11 ஆகும். சட்டை, அரைக்கால்சட்டை, முழுக்கால்சட்டை, பாவாடை என உடை வகை 4. ஆகவே ஒரு பள்ளிக்கு 44 தினுசுகள் வேண்டும். தினுசுக்கு 5 உடை வைத்தால் 220 உடைகள். ஓர் உடையின் விலையை 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், முடங்கும் முதல் 66,000 ரூபாய். சுற்றுப்புறத்தில் 10 பள்ளிகள் இருந்து, ஒவ்வொன்றும் தனக்கென ஒரு நிறமும் ஒரு கட்டமும் ஒரு கோடும் வைத்துக்கொண்டால், 440 தினுசுகளும் 6,60,000 ரூபாயும் வேண்டும். இத்தனையும் பெரும்பாலும் மே, சூன் ஆகிய இரு திங்களில் மட்டும் விற்பவை. விற்காமல் நின்ற உடையை, பள்ளி நிறத்தை மாற்றிவிட்டால் யார் வாங்குவார்? சிறு கடைக்காரர் இச்சுமையைத் தாங்க இயலாது. ஆதலின் அவர் அலமாரியில் வேறு சரக்கை அடுக்குகிறார். பள்ளியே ஒரு விற்பனையாளரைக் குறித்துவிட்ட இடத்தில், அவர் வைக்க விரும்பினாலும் துணி அவருக்குக் கிடைப்பதில்லை.

அந்தப் பத்துப் பள்ளிகளும் ஒரே நிறத்தை மேற்கொண்டால் என்ன ஆகும்? தினுசுகள் 44 மட்டுமே. தினுசுக்குப் பதினைந்தாக வைத்தாலும் 660 உடைகள். முதல் 1,98,000 ரூபாய். இவ்வாண்டு விற்காதது அடுத்த ஆண்டு விற்கும். ஒரு பள்ளிப் பிள்ளைக்கு வேண்டாதது மறுபள்ளிப் பிள்ளைக்கு ஆகும். கடைத்தெருவிலிருந்து பள்ளி உடையை விரட்டியது இணையம் மட்டுமன்று. ஒன்றுபட வேண்டிய சீருடை பலபட்டுப் போனதே முதற்காரணம் என்பதை இக்கணக்குக் காட்டுகிறது.

இது நடக்கக்கூடியதா என்று நீங்கள் கேட்கலாம். நடக்கும் நாடுகள் உண்டு. மலேசியாவில் ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்த் தொடக்கப் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே மலாய்ப் பள்ளியாயினும், சீனப் பள்ளியாயினும், தமிழ்ப் பள்ளியாயினும் தொடக்கப் பள்ளிச் சிறுவனுக்கு வெள்ளைச் சட்டையும் கருநீலக் கால்சட்டையுமே வழக்கமான உடை. எந்தப் பள்ளி என்பதைச் சட்டையில் தைக்கும் சின்னம் அறிவிக்கும். ஆகவே எந்த ஊர்க் கடையிலும் அவ்வுடை கிடைக்கிறது. இலங்கையில் யாழ்ப்பாணமாயினும் காலியாயினும் பள்ளி மாணவியர் வெள்ளை உடையே அணிகின்றனர். கழுத்துப் பட்டி பள்ளியைக் காட்டும். 1993 முதல் அந்நாட்டு அரசு சீருடைத் துணியை மாணவர்க்கு இலவசமாக வழங்கும் திட்டத்தையும் மேற்கொண்டது. இங்கிலாந்திலும் பெற்றோர் இதே துன்பத்தைச் சொல்லி முறையிட்டனர். அதன் பயனாக 2021இல் சீருடைச் செலவு பற்றிய சட்டம் ஒன்று அங்கே நிறைவேறியது. பள்ளி முத்திரை பொறித்த உடைகளை மிகக் குறைவாக வைத்துக்கொள்ள வேண்டும், ஒரே விற்பனையாளரிடம் பெற்றோரைச் சிக்க வைத்தல் கூடாது என்பன அச்சட்டத்தின் வழி வந்த நெறிகள்.

'தனி நிறம் இருந்தால்தானே பள்ளியின் பெருமை தெரியும்?' என்பர் சிலர். பள்ளியின் பெருமை அதன் மாணவர் கற்கும் கல்வியிலும் ஒழுகும் ஒழுக்கத்திலும் இருக்கிறது. துணியின் கட்டத்தில் இல்லை. அடையாளம் வேண்டுமாயின் ஒரு சிறு சின்னம் போதும். 'தரம் ஒரே சீராக இருக்க ஒருவரிடமே வாங்குவது நல்லது' என்பர் வேறு சிலர். தரத்தை நாடுவது நியாயமே. துணியின் தன்மையையும் நிறத்தையும் எழுதி அறிவித்துவிட்டு, 'எங்கு வேண்டுமானாலும் வாங்குக' என்று விட்டால், பல கடைக்காரர் போட்டியிட்டு நல்ல துணியைக் கொண்டுவருவர். போட்டி இல்லாத இடத்தில்தான் தரம் தளரும்.

மாணவர்களே! இதில் உங்களுக்கும் பணி உண்டு. ஆண்டு இறுதியில் அளவு சிறுத்துப்போன உடைகளைத் துவைத்து, பொத்தான் தைத்து, அடுத்த வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் ஒரு பெட்டியை ஒவ்வொரு பள்ளியிலும் நீங்களே தொடங்கலாம். கொடுப்பவர் பெயரும் எடுப்பவர் பெயரும் வெளிப்படாதவாறு அதை நடத்துதல் வேண்டும். சீருடை இன்றி வரும் தோழனைக் கண்டால், காரணம் கேட்டுக் கூச வைக்காமல் அருகே அமர்த்திக்கொள்ளுங்கள். பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் இதைப் பேசும்படி உங்கள் பெற்றோரிடம் சொல்லுங்கள். கல்லூரியில் படிப்போர் தத்தம் ஊரில் எத்தனைப் பள்ளிகள், எத்தனை நிறங்கள், எத்தனைக் கடைகள் என்று எண்ணி எழுதுங்கள். எண்ணிக்கையோடு சொல்லும் சொல்லுக்கு வலிமை உண்டு.

அறுபது ஆண்டுகளுக்கும் முன்பு கடம்பத்தூரில் கூடிய ஊர் மக்கள், பள்ளி தம்முடையது என்று எண்ணினார்கள். ஆதலால் அதன் குறைகளையும் தம்முடையவையாக ஏற்றுத் தீர்த்தார்கள். நாமும் அவ்வாறு எண்ணுவோமாயின், துறைமுகத்தில் மூட்டை சுமப்பவரின் மகளும் அலுவலக மேலாளரின் மகளும் ஒரே கடையில், ஒரே துணியை, ஒரே விலைக்கு வாங்கி உடுத்து, ஒரே வரிசையில் நிற்கும் நாள் வரும். அந்நாளில்தான் சீருடை தன் பெயருக்கு உரியதாகும்.