காற்று யாருக்குச் சொந்தம்?

(பட்டிமன்றத் தலைப்பு: ‘ஊடகங்களுக்குச் சட்டம் வேலியா? விலங்கா?’ ‘வேலியே’ என்ற அணியில் ஆற்றிய உரை)

வீட்டில் ரிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, ‘இவர் எப்போது முடிப்பார்’ என்று பார்த்துக்கொண்டிருக்கும் அன்பு நெஞ்சங்களே! (சிரிப்பு)

எனக்கு முன்னால பேசின தம்பி கொதிச்சுப் போய்ப் பேசினார். “வெள்ளைக்காரன் 1885-இல் போட்ட தந்திச் சட்டத்தை வச்சுக்கிட்டுத் தொலைக்காட்சியைக் கட்டிப் போட்டாங்களே, அது விலங்கு இல்லையா?” என்று கேட்டார். நல்ல கேள்வி. எங்க ஊர்ப் பக்கம் தந்தி வந்தாலே, பிரிச்சுப் படிக்கிறதுக்கு முன்னாடி ஒப்பாரி ஆரம்பிச்சுடும். (சிரிப்பு) அந்தத் தந்தியே 2013-இல் செத்துப் போனது. ஆனால் அந்தச் சட்டத்துக்கு மாற்றாகப் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் இயற்றப்பட்டதோ 2023-இல்தான்! ஆக, தம்பி சொன்னது உண்மை. ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதியை நான் சொல்கிறேன்.

1993-ஆம் ஆண்டு. வங்காளக் கிரிக்கெட் சங்கம் ஹீரோ கோப்பைப் போட்டியை நடத்துகிறது. ஒளிபரப்பும் உரிமையை ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கொடுக்கிறது. உடனே தூர்தர்ஷனுக்கும் சங்கத்துக்கும் தகராறு. தந்திச் சட்டப்படி அந்த அதிகாரம் எங்களிடம்தான் இருக்கிறது என்று வாதாடியது அரசுத் தரப்பு. மைதானத்துல ஆட்டம் முடிஞ்சு கோப்பையையும் கொடுத்துட்டாங்க. கோர்ட்டுல ஆட்டம் முடியலை! (சிரிப்பு) 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. காற்றலைகள் பொதுச் சொத்து. அரசாங்கம் அதைத் தனியுரிமை கொண்டாட முடியாது என்றது. அத்தோடு நின்றதா? காசு வைத்திருக்கிற கம்பெனிகளின் கையிலும் அது சிக்கிவிடக் கூடாது, தன்னாட்சி உள்ள ஒரு பொது அமைப்பு அதை முறைப்படுத்த வேண்டும் என்றும் சொன்னது.

அய்யா, அந்தத் தீர்ப்புக்கு என்ன அர்த்தம்? காற்று அமைச்சருக்கும் சொந்தமில்லை, முதலாளிக்கும் சொந்தமில்லை. சோறாக்கிக்கிட்டே ரேடியோ கேக்கற அம்மா இருக்காங்களே, அவங்களுக்குச் சொந்தம்! (பலத்த கைதட்டல்) தம்பி சொன்ன பழைய சட்டத்தின் தலையில் குட்டியது எது? அரசியல் சட்டத்தின் 19-ஆம் பிரிவு. அதுவும் சட்டம்தானே? தனியார் சேனல்களுக்கும் சேர்த்துக் கேட்ட அந்தத் தன்னாட்சி அமைப்பு இன்னும் வரவில்லை. வேலியை முழுசாக் கட்டலைன்னு திட்டுங்க, ஒத்துக்கறேன். வேலியே வேண்டாம்னு சொல்லாதீங்க.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர் எழுதிய வாழ்க்கைக் கதையை வெளியிடப் போவதாக நக்கீரன் இதழ் அறிவித்தது. சில அதிகாரிகளின் பெயரெல்லாம் அதில் அடிபடும் என்று பேச்சு. சிறைத்துறைத் தலைமை அதிகாரியிடமிருந்து, வெளியிடாதே என்று கடிதம் வந்தது. 1994-இல் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? அச்சுக்குப் போகும் முன்பே தடுக்க அரசுக்கும் அதிகாரிகளுக்கும் உரிமை இல்லை என்றது. பத்திரிகைக்கு வெற்றி! ஆனால் அதே தீர்ப்பு பத்திரிகைகளையும் பார்த்துப் பேசியது. பொது ஆவணத்தில் உள்ளதை எழுதலாம். அதைத் தாண்டி ஒருவருடைய குடும்பத்தை, திருமணத்தை, அந்தரங்கத்தைச் சம்மதம் இல்லாமல் எழுதக் கூடாது. பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்ணின் பெயர் ஆவணத்திலேயே இருந்தாலும் வெளியிடக் கூடாது. இதுக்குப் பேருதான் வேலி. மாட்டையும் தடுக்கும், வீட்டுக்காரருக்கு வாசலும் வைக்கும்.

வேலி இல்லாவிட்டால் என்ன ஆகும்? மதுரையைக் கேளுங்கள். பொற்கொல்லன் ஒருவன் சொன்னான், பாண்டியன் நம்பினான், விசாரணை இல்லாமல் கோவலன் வெட்டுண்டான். இன்னைக்குச் சில சேனல்கள்ல ராத்திரி ஒன்பது மணிக்குப் பொற்கொல்லனும் அவர்களே, பாண்டியனும் அவர்களே! (கைதட்டல்) குற்றப்பத்திரிகை வருவதற்கு முன்னால் தீர்ப்பு வந்துவிடுகிறது. கண்ணகி சிலம்போடு வந்தால், ‘விளம்பர இடைவேளை’ என்கிறார்கள். (சிரிப்பு)

அடுத்து இணையம். 2004-இல் பாஸி டாட் காம் என்ற விற்பனைத் தளத்தில் யாரோ ஒருவர் ஆபாச வீடியோவை விலைக்குப் போட்டார். கைதானது யார்? தளத்தை நடத்திய தலைமை அதிகாரியும்தான்! சந்தையில ஒருத்தன் அழுகின மீனை வித்தா, சந்தையைக் குத்தகைக்கு எடுத்தவரையும் பிடிச்சு உள்ளே போடற கதை. 2008-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். உரிய கவனத்தோடு நடந்துகொண்டால், அடுத்தவர் போட்டதற்குத் தளம் பொறுப்பாகாது என்று பாதுகாப்பு விரிந்தது.

“அதே திருத்தத்தில்தானே 66-ஏ வந்தது?” என்று எதிரணித் தங்கை கண்ணாலேயே கேட்கிறார். ஆமாம்மா, வந்தது. 2012-இல் மராட்டியத்தின் பால்கரில் இரண்டு இளம்பெண்களைக் கைது செய்தார்கள். ஒருவர் முகநூலில் எழுதினார். இன்னொருவர் அதை ‘லைக்’ செய்தார். அவ்வளவுதான்! கொதித்துப்போன ஓர் இளம்பெண் உச்ச நீதிமன்றம் போனார். 2015 மார்ச் 24 அன்று 66-ஏ செல்லாது என்று தீர்ப்பு. ஓர் இளம்பெண் நாடாளுமன்றம் போட்ட பூட்டைத் திறந்தார். சாவி எங்கே இருந்தது? சட்டப் புத்தகத்தில் இருந்தது!

அதற்குப் பிறகும் செத்த பிரிவில் வழக்குப் போட்டிருக்கிறார்கள். 2021-இல் இதைக் கேட்டு உச்ச நீதிமன்றமே அதிர்ந்தது. நான் கேட்கிறேன்: அது சட்டத்தின் குற்றமா? தீர்ப்பைப் படிக்காத காவல் நிலையத்தின் குற்றமா?

நடுவர் மணியில் கை வைக்கிறார். ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன். ஒரு கிராமத்துப் பெண்ணின் முகத்தை வேறு ஒரு உடம்பில் ஒட்டி எவனோ இணையத்தில் விடுகிறான். கம்பெனியோ கடலுக்கு அப்பால் இருக்கிறது. அதன் முதலாளிக்கு அவள் பெயர்கூடத் தெரியாது. அவள் பக்கம் யார் நிற்பார்? 2021-ஆம் ஆண்டு விதிகள், இப்படிப் புகார் வந்தால் 24 மணி நேரத்துக்குள் நீக்கு என்று கெடு வைத்தன. புகாரை வாங்க இங்கே ஓர் அதிகாரி இருக்க வேண்டும் என்றன. கம்பெனிக்கு அது விலங்காகத் தெரியலாம். தூக்குக் கயிற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அந்தப் பொண்ணுகிட்டக் கேளுங்க, அது என்னன்னு சொல்லுவா!

பேசுகிறவனுக்கு மைக் இருக்கிறது. நடத்துகிறவனுக்குப் பணம் இருக்கிறது. ஆள்கிறவனுக்கு ஆணை இருக்கிறது. கேட்கிறவனுக்கும் பார்க்கிறவனுக்கும் இருப்பது சட்டம் ஒன்றுதான். ஆகவே, ஊடகங்களுக்குச் சட்டம் வேலியே, வேலியே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)