இசைத்தட்டில் ஒரு காலவழு



நன்னூல் கூறும் எழுவகை வழுக்களுள் ஒன்று காலவழு. "நாளை வந்தான்" என்று மாணவன் எழுதினால் சிவப்பு மையால் வட்டமிடுகிறோம். இணையத்தில் விலைக்கு வரும் அரிய இசைத்தட்டுகளின் மெய்யும் பொய்யும் அறிய இந்த இலக்கணம் பெரிதும் உதவும்.

நிமிடத்துக்கு 78 தடவை சுழலும் பழைய தட்டுகள் பெரும்பாலும் அரக்குக் கலவையால் ஆனவை. மாத்தளைப் பகுதியின் பள்ளேஹாபுவிட கிராமத்தார் கைவினைப் பொருள்களுக்கு வண்ணமேற்றும் அரக்கும் இவ்வினமே. அத்தட்டுக் கனமானது, விழுந்தால் நொறுங்கும். இன்று நாம் அறிந்த வினைல் நெடுந்தட்டைக் கொலம்பியா நிறுவனம் அறிமுகப்படுத்தியது 1948 இல். ஸ்டீரியோத் தட்டுகள் பரவலாக விற்பனைக்கு வந்தது 1958 இல். கடைகளில் பார்கோட் பயன்படத் தொடங்கியது 1974 இல்.

கட்டுகஸ்தோட்டையில் ஓய்வூதியம் பெறும் பெரியவர் ஒருவர், மறைந்த தம் மனைவி விரும்பிய திரைப்பாடல்கள் அடங்கிய நெடுந்தட்டைத் தேடினார். "1955 ஆம் ஆண்டின் முதற்பதிப்பு" என்று இணையத்தில் ஒருவர் விளம்பரம் செய்திருந்தார். விலையோ பெரியவரின் ஒரு மாத ஓய்வூதியம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நடுவிலுள்ள ஒட்டுத்தாளில் "ஸ்டீரியோ" என்ற சொல் இருந்தது. காலவழு!

பாடற்கோடுகள் முடிந்து ஒட்டுத்தாள் தொடங்குமுன் வழுவழுப்பான வளையம் ஒன்று உண்டு. அதில் பதிந்திருக்கும் எண்ணைப் படமெடுத்து அனுப்புமாறு கேட்டோம். "பழைய சாமான், நம்பி எடுங்க" என்று மட்டும் பதில் வந்தது.

"பாட்டு அதே பாட்டுத்தானே, சேர்?" என்றார் பெரியவர்.

"செவிக்கு அதே பாட்டுத்தான், ஐயா. ஆனால் அவர் விலை கேட்பது பாட்டுக்கல்ல, வயதுக்கு" என்றேன். பின்னர், மறுபதிப்பு என்று நேர்மையாகச் சொல்லி விற்ற வேறொருவரிடம் குறைந்த விலைக்கு அதனை வாங்கினார்.

சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது ஏடுகளை ஒப்புநோக்கினார். இசைத்தட்டுக்கும் அந்நெறி பொருந்தும். டிஸ்கொக்ஸ் இணையத்தளத்தில் பல பதிப்புகளின் எண்களும் படங்களும் உள்ளன; ஒப்பிடலாம். எனினும் எண் மாத்திரம் போதாது. மறுபதிப்பிலும் பழைய எண் தொடரக்கூடும். எண், ஒட்டுத்தாள், உறை ஆகிய மூன்றும் ஒரே காலத்தைச் சொல்ல வேண்டும். ஒன்று முரண்பட்டாலும் பணத்தை அனுப்பாதீர்கள்.

விற்பவர் சொல்லைவிடத் தட்டின் சாட்சியம் உறுதியானது.