போன மாத பில்லோடு இந்த மாத பில்லை ஒப்பிடலாமா?



பேராவின் பழைய ரப்பர் தோட்டங்களில் வளர்ந்தவர்களிடம் மின்சாரத்தைப் பற்றிக் கேட்டால், பலர் முதலில் சொல்வது ஜெனரேட்டர் சத்தத்தைத்தான். பொழுது சாய்ந்ததும் அது ஓடத் தொடங்கும். இரவில் நின்றுவிட்டால் லயமே இருட்டு. விடியும் முன் பெரட்டுக்குக் கிளம்புகிறவர்களுக்கு மண்ணெண்ணெய் விளக்குதான் துணை. இத்தனைக்கும் பேரா நதியின் செண்டரோ அணை 1930ஆம் ஆண்டிலேயே மின்சாரம் தரத் தொடங்கிவிட்டது. அந்த மின்சாரம் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்குப் போனது. தோட்டத்து லயங்களுக்கு அது வந்து சேரப் பல பத்தாண்டுகள் ஆயின.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் சுங்கை சிப்புட், பத்து காஜா, புந்தோங் என்று தாமான்களுக்கு மாறிய பிறகே, பலர் தங்கள் பெயரிட்ட மின்கட்டண பில்லை முதன்முதலாகக் கையில் வாங்கினார்கள். அன்று தொடங்கிய கேள்வி இன்றும் வீட்டுக்கு வீடு ஒலிக்கிறது: "போன மாசம் இவ்வளவு வரலையே, இந்த மாசம் ஏன் கூட?"

சாதாரணக் கேள்விபோல் தெரியும். ஆனால் வீட்டுச் சண்டைக்கு இது போதும். புதிதாக வந்த மருமகள் ஏர்கோன் போட்டாள் என்பார்கள். பேரன் கணினியை அணைப்பதில்லை என்பார்கள். கடைசியில் ஒன்றும் பேசாமல் தன் அறைக் காற்றாடியை நிறுத்திவிட்டு ஈப்போ வெயிலில் வியர்த்தபடி படுத்திருப்பது வீட்டிலுள்ள பாட்டியாகத்தான் இருக்கும்.

2020ஆம் ஆண்டு இந்தக் கேள்வி நாடு முழுவதும் எழுந்தது. மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்ததும், வீடு வீடாக மீட்டர் பார்க்கும் வேலை நின்றது. பழைய பயனீட்டை வைத்து உத்தேச பில்கள் வந்தன. பிறகு மீட்டர் பார்த்தபோது, சேர்ந்திருந்த மாதங்களின் கணக்கு மொத்தமாக வந்து இறங்கியது. மக்கள் அதை ஒரு மாத பில்லோடு ஒப்பிட்டுத் திகைத்தார்கள். எல்லாரும் வீட்டிலேயே அடைந்து கிடந்ததால் பயனீடு கூடியதும் உண்மை. பல மாத நாட்கள் ஒரே பில்லில் நின்றதும் உண்மை. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க அந்தத் தாளில் சாமானியருக்கு வழி தெரியவில்லை. நாட்களின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டணப் படிகளைச் சரிசெய்யும் 'ஃபாக்டர் புரோராட்டா' என்ற எண் பில்லிலேயே இருந்தது. அதை யார் படித்தார்கள்?

இன்று தெனாகா நேஷனல் ஸ்மார்ட் மீட்டர்களைப் பொருத்தி வருகிறது. அரைமணிக்கு ஒருமுறை பயனீட்டைப் பதியும் கருவி அது. கைப்பேசிச் செயலியில் நாள் வாரியாகப் பார்க்கலாம். பள்ளி, கோயில், தொழிற்சாலை என்று தனியாக மின்கணக்குத் திரை அமைத்துக் கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். கணினித் துறையில் இதை டேஷ்போர்டு என்பார்கள். கார் ஓட்டுநருக்கு முன்னால் இருக்கும் அதே பெயர்தான். அந்தத் திரையில் 'இந்தக் காலம், முந்தைய காலம்' என்று இரண்டு தூண்களை நிறுத்துவது ஓர் இளைஞருக்கு அரை நாள் வேலை. அந்த இரண்டும் ஒப்பிடத் தக்கவைதானா என்பதில்தான் உண்மையான வேலை இருக்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு பில் 33 நாட்களுக்கு 330 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது 28 நாட்களுக்கு 294 யூனிட். திரை என்ன சொல்லும்? கிட்டத்தட்ட 11 விழுக்காடு குறைந்தது என்று பச்சை அம்புக்குறி காட்டும். குடும்பமும் மகிழும். ஆனால் நாளுக்கு என்று வகுத்தால் முதலில் 10 யூனிட், இப்போது 10.5 யூனிட். அதாவது பயனீடு 5 விழுக்காடு கூடியிருக்கிறது! பச்சை அம்பு பொய் சொல்லிவிட்டது. மாதம் முடியாமல் 12ஆம் தேதியில் நின்றுகொண்டு முழுப் போன மாதத்தோடு ஒப்பிடுவதும் இதே தவறுதான். முதல் 12 நாட்களை முதல் 12 நாட்களோடுதான் வைக்க வேண்டும்.

அடுத்தது பண்டிகை. 2023இல் தீபாவளி நவம்பர் 12ஆம் தேதி வந்தது. 2024இல் அக்டோபர் 31ஆம் தேதி, 2025இல் அக்டோபர் 20ஆம் தேதி. பலகாரம் சுட்டு, கோலாலம்பூரிலிருந்து பிள்ளைகள் வந்து தங்கி, எல்லா அறையிலும் காற்றாடி ஓடும் வாரம் அது. 2023 அக்டோபரையும் 2024 அக்டோபரையும் அருகருகே வைத்தால், பண்டிகை ஏற்பாடுகள் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். நம் நாட்காட்டி தெரியாதவர் எழுதிய திரைக்கு இது புரியாது. ஆகவே 'இந்த நாட்களை ஒதுக்கி வை' என்று சொல்ல ஒரு வசதி வேண்டும். வார நாட்களும் அப்படியே. சென்ற ஆண்டின் அதே தேதி வேறு கிழமையில் விழும். 365 நாட்களுக்குப் பதில் 364 நாட்கள் பின்னால் போனால், சரியாக 52 வாரங்கள். ஞாயிறுக்கு ஞாயிறு பொருந்தும்.

வெள்ளியை ஒப்பிடுவதா, யூனிட்டை ஒப்பிடுவதா என்பதில் தடுமாறவே கூடாது. முன்பு முதல் 200 யூனிட்டுக்கு 21.80 காசு, 300ஐத் தாண்டினால் 51.60 காசு என்று படிகள் இருந்தன. 2025 ஜூலை 1ஆம் தேதி முதல் கட்டண அமைப்பே மாறிவிட்டது. அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் உள்ள வெள்ளிக் கணக்கை ஒரே கோட்டில் வரைந்தால், வீட்டில் ஒரு விளக்குகூட மாறாமல் கோடு மட்டும் மாறும். யூனிட் அப்படி ஏமாற்றாது. ஒரு நாளின் நேரங்களைத் தனித்தனியாகப் பார்ப்பதற்கும் இப்போது காரணம் இருக்கிறது. விருப்பத்தின் பேரில் சேரக்கூடிய நேரவாரிக் கட்டணத்தில், வார நாட்களில் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை விலை கூடுதல், மற்ற நேரங்களில் குறைவு. துணி துவைப்பதை மாற்றி வைக்கலாமா என்று முடிவெடுக்க, மாதத் தூணைவிட மணித் தூண்தான் உதவும்.

திரை அமைப்பவர்கள் அடிக்கடி கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. தகவல் வராத நாளைச் சுழியம் என்று காட்டிவிடுவார்கள். மின்சாரமே பயன்படுத்தவில்லை என்பதும், மீட்டரிலிருந்து செய்தி வரவில்லை என்பதும் ஒன்றா? அந்த இடத்தை வெற்றாக விட்டு 'தகவல் இல்லை' என்று எழுதினால் போதும். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல இயந்திரத்திற்கும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

செயலி வேண்டாம் என்பவர்களும், ஸ்மார்ட் மீட்டர் இன்னும் வராதவர்களும் கவலைப்பட வேண்டியதில்லை. பழைய பில்களைக் கம்பியில் குத்தி வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டல்லவா? அதிலிருந்து இந்த மாத பில்லையும் சென்ற ஆண்டு இதே மாத பில்லையும் எடுங்கள். ஒவ்வொன்றிலும் யூனிட்டை நாட்களால் வகுத்து, விடையைத் தாளின் மூலையில் பென்சிலால் எழுதுங்கள். பாட்டியின் காற்றாடியைப் பற்றி அதன் பிறகு பேசலாம்.