லில்லி லெட்பெட்டருக்கு வந்த துண்டுச் சீட்டு
(இணையவழி இலக்கியக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இந்த மாதம் நாம் எடுத்துக்கொண்ட புத்தகம் லில்லி லெட்பெட்டரின் தன்வரலாறு, ‘கிரேஸ் அண்ட் கிரிட்’. 2012இல் வந்தது. இலக்கியக் கூட்டத்தில் சம்பளப் பேச்சா என்று சிலர் நினைக்கலாம். நம்மில் பெரும்பாலோர் கடல் தாண்டி வந்ததே சம்பளத்துக்காகத்தான். ஆகவே பேசலாம்.

அலபாமாவில் காட்ஸ்டன் என்றொரு ஊர். அங்கே குட்இயர் டயர் தொழிற்சாலையில் 1979இல் மேற்பார்வையாளராகச் சேர்கிறார் லில்லி. சம்பளத்தைப் பற்றி யாரும் யாரிடமும் வாய்திறக்கக் கூடாது என்ற இடம் அது. பத்தொன்பது வருடம் கழித்து அவருடைய தபால் பெட்டியில் ஒரு துண்டுக் காகிதம் கிடக்கிறது. அதில் அவர் பெயரும் அதே வேலை செய்யும் மூன்று ஆண்களின் பெயரும், பக்கத்தில் சம்பளமும். கையெழுத்து இல்லை. பின்னால் நீதிமன்றத்தில் வெளிவந்த கணக்குப்படி அவருக்கு மாதம் 3,727 டாலர். அதே பதவியில் இருந்த ஆண்களில் குறைந்த சம்பளக்காரருக்கே 4,286. அதிகபட்சம் 5,236.

ஓவர்டைம், ஓய்வூதியம் எல்லாம் அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான். ஆகவே அந்தக் குறை சாகும்வரை கூடவே வரும்.

அவர் வழக்குப் போட்டார். ஜூரி முப்பது லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னது. சட்ட வரம்பினால் அது 3,60,000 ஆகச் சுருங்கியது. 2007இல் உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், அதையும் இல்லையென்றது. சம்பளத்தை முடிவு செய்த 180 நாளுக்குள் புகார் கொடுத்திருக்க வேண்டுமாம். தெரியாத ஒன்றைப் பற்றி எப்படிப் புகார் கொடுப்பது? 2009 ஜனவரியில் ஒபாமா கையெழுத்திட்ட முதல் சட்டம் இதை மாற்றியது. பாகுபாடான ஒவ்வொரு சம்பளச் சீட்டும் அந்தக் கெடுவைப் புதிதாகத் தொடங்கி வைக்கும். சட்டத்துக்கு லில்லியின் பெயர். அவருக்கு ஒரு டாலர்கூட வரவில்லை.

என் கதை இவ்வளவு பெரியதில்லை. எச்-1பி விசாவுக்கு விண்ணப்பிக்கும் நிறுவனம், தரப்போகும் சம்பளத்தைக் குறிப்பிட்டு வேலையிடத்தில் அறிவிப்பு வைக்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் அது காப்பி மெஷினுக்கு மேலே ஒட்டப்பட்டிருந்தது. நானும் தினமும் காப்பி ஊற்றிக்கொண்டு போவேன், படித்ததில்லை. ஒருநாள் படித்தேன். என் பதவிதான், என்னைவிடப் பதினான்காயிரம் டாலர் அதிகம்.

இரண்டு வாரம் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம். நம்மை மதிப்புக் குறைவாகப் போட்டுவிட்டார்களே என்பதைவிட, நாம் கேட்காமல் விட்டுவிட்டோமே என்ற வெட்கம். விசா அவர்கள் கையில் இருக்கிறது என்ற பயமும் சேர்ந்துகொண்டது. கடைசியில் அடுத்த மேஜை தெலுங்குக்கார அக்காதான் முகத்தைப் பார்த்துக் கேட்டார். தன் சம்பளத்தையும் பளிச்சென்று சொன்னார். அதன்பிறகே தேதி, பதவி, செய்த வேலை எல்லாவற்றையும் வீட்டு நோட்டில் எழுதிக்கொண்டு மேலாளரிடம் போனேன். “யார் சொன்னது?” என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. நோட்டீஸ் போர்டு என்றேன்.

ஆறாயிரம் ஏற்றினார்கள். வீட்டுக் கடன், பள்ளிக்கூடம் என்று நான் கஷ்டத்தைச் சொல்லிக் கேட்டிருக்கக் கூடாது. இந்த வேலைக்குச் சம்பள வரம்பு என்ன என்று கேட்டிருக்க வேண்டும். இப்போது நியூயார்க் மாநிலத்தில் 2023 செப்டம்பரிலிருந்து வேலை விளம்பரத்திலேயே வரம்பைப் போட வேண்டும். சம்பளத்தைச் சக ஊழியர்களோடு பேசும் உரிமை, மேற்பார்வையாளர் அல்லாத தனியார் ஊழியர்களில் பெரும்பாலோருக்கு 1935ஆம் வருடச் சட்டத்திலிருந்தே இருக்கிறது. ஊரில் கல்யாண வீட்டில் முன்பின் தெரியாத மாமாகூட “எவ்வளவு வாங்குற?” என்று கேட்பார், நாமும் கொஞ்சம் கூட்டியே சொல்வோம். இங்கே அலுவலகத்தில்தான் அது பரம ரகசியம்.

அந்தத் துண்டுச் சீட்டை எழுதியவர் யாரென்று லில்லிக்குக் கடைசிவரை தெரியாது. 2024 அக்டோபரில் அவர் இறந்துவிட்டார். புத்தகத்தை மூடியதும் நான் நினைத்தது லில்லியை அல்ல, அந்த ஆளைத்தான். காரணம் இருக்கிறது. நான் அந்த நிறுவனத்தை விட்டுப் போவதற்கு முன்பு திருநெல்வேலிப் பையன் ஒருவன் சேர்ந்தான். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், “அண்ணே, தப்பா நினைக்காதீங்க, உங்களுக்கு இங்க என்ன தர்றாங்க?” என்று கேட்டான். நான் சிரித்துக்கொண்டே அவன் டிபன் பாக்ஸில் என்ன குழம்பு என்று கேட்டேன்.