கைநாட்டும் கையொப்பமும்
(கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

அயல்நாட்டு வாழ்வின் நன்மை தீமைகள் பற்றிப் பேசுமாறு கழகத்தார் என்னைப் பணித்தனர். நான் பேச்சாளன் அல்லன், மின்பணியாளன். சவூதி அரேபியாவில் ஒன்பது ஆண்டுகளும், சிங்கப்பூரில் ஆறு ஆண்டுகளும் வேலை பார்த்துத் திரும்பியவன். அந்தத் தகுதி ஒன்றைக் கொண்டே இங்கு நிற்கிறேன்.

நம் தெருவில் மூன்று பிள்ளைகள் மேல்நிலைப் படிப்பை இடையில் நிறுத்திவிட்டுக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்திருப்பதாகச் சென்ற மாதம் கேள்வியுற்றேன். அவர்களுள் ஒருவரின் தந்தையார், அரசு தந்த மூன்று சென்ட் மனைப்பட்டாவை அடகு வைக்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறார். ஆகவே இது மேடை அலங்காரத்துக்குரிய பொருள் அன்று. நாளைக் காலையில் ஒரு குடும்பம் முடிவு செய்ய வேண்டிய பொருள்.

முன்னோர் சென்ற வழி

கடல் கடத்தல் நமக்குப் புதிதன்று. 1860 நவம்பர் 16-ஆம் நாள் சென்னையிலிருந்து சென்ற ட்ரூரோ என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. அதில் சென்றவர்கள் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கரும்புத் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்ட தொழிலாளர்கள். முதலாண்டில் அவர்களுக்கு மாதக்கூலி பத்து ஷில்லிங். மொரீசியசுக்கும், பிஜித் தீவுக்கும், மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கும், இலங்கையின் மலைநாட்டுக்கும் சென்றவர்களுள் நம்மைப் போன்ற ஒடுக்கப்பட்ட மக்கள் பெரும்பங்கினர். பண்ணை அடிமைத்தனமும் பஞ்சமும் ஒருபுறம் துரத்த, கங்காணியின் ஆசைமொழி மறுபுறம் இழுத்தது. தாம் எதில் பெருவிரலைப் பதிக்கிறோம் என்று படித்தறிய அவர்களுள் பலருக்கு எழுத்தறிவு இல்லை.

என் பாட்டனார் அவ்வாறு இலங்கைக்குச் சென்றவர். அங்கே அக்காலத்தில் 'துண்டு' என்றொரு சீட்டு இருந்தது. தொழிலாளியின் கடன் தீர்ந்தது என்று தோட்டத்தார் எழுதிக் கொடுக்கும் அச்சீட்டு இல்லாமல் அவர் வேறு தோட்டத்தில் வேலை பெற இயலாது. 1921-இல்தான் அம்முறை ஒழிக்கப்பட்டது. கடலைக் கடந்தும் சாதி ஒழியவில்லை. லயத்து அறைகள்கூடப் பல தோட்டங்களில் சாதி பார்த்தே ஒதுக்கப்பட்டன.

இவ்வளவு உழைத்தும் பயன் யாது? 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர்களுள் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர் ஆயினர். 1964-இல் சிறிமாவோ, சாஸ்திரி ஆகியோர் செய்த உடன்பாட்டின்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றி 1974-இல் மற்றோர் உடன்பாடு செய்தார்கள். அந்த 1974-இல் நான்கு வயதுக் குழந்தையாகத் தந்தையாரின் தோளில் அமர்ந்து இராமேசுவரத்தில் வந்திறங்கியவன் நான். இரண்டு தலைமுறை தேயிலை பறித்த குடும்பம் இரண்டு தகரப்பெட்டிகளோடு மண்டபம் முகாமுக்கு வந்து சேர்ந்தது.

கூலி கிடைப்பது வேறு. உரிமை கிடைப்பது வேறு. அயல்நாட்டு வாழ்வை எடைபோடும்போது இவ்விரண்டையும் தனித்தனித் தட்டில் வைத்து நிறுக்க வேண்டும்.

வளைகுடா நாடுகள்

1994-இல் நான் தம்மாம் நகருக்குச் சென்றேன். முகவருக்குக் கொடுக்க 40,000 ரூபாயை மாதம் நூற்றுக்கு மூன்று வட்டிக்குக் கடன் வாங்கினேன். சென்னையில் எனக்குக் காட்டிய தாளில் மின்பணியாளர் வேலை, மாதம் 900 ரியால் என்றிருந்தது. அங்கே இறங்கியதும் அரபு மொழியில் இருந்த வேறொரு தாளை நீட்டினார்கள். அதில் உதவியாள் வேலை, 600 ரியால். பன்னிரண்டாம் வகுப்பும் தொழிற்பயிற்சியும் முடித்த நான், என்ன எழுதியிருக்கிறது என்று அறியாமலே கையொப்பமிட்டேன். அன்று என் கையொப்பத்துக்கும் என் பாட்டனாரின் கைநாட்டுக்கும் வேறுபாடு எதுவும் இல்லை.

கணக்கைக் கேளுங்கள். உணவுச் செலவு போக மாதம் சுமார் 3,500 ரூபாய் வீட்டுக்கு அனுப்பினேன். அதில் 1,200 ரூபாய் தொடக்கத்தில் வட்டிக்கே போயிற்று. கடன் முழுவதும் அடைய ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு ஆயிற்று. ஒப்பந்தமோ இரண்டு ஆண்டு. ஆகவே முதல் ஒப்பந்தத்தில் ஒன்றரை ஆண்டு கடன்காரருக்காகவும், ஆறு மாதம் மட்டுமே என் குடும்பத்துக்காகவும் உழைத்தேன்.

கடவுச்சீட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டார். 'கபாலா' எனப்படும் அம்முறையில் அவர் இசைவின்றி வேலை மாறவும் முடியாது. ஊர் திரும்பவும் முடியாது. பழைய துண்டுச் சீட்டின் மறுபிறப்பு என்றே அதைச் சொல்வேன். இன்று நிலைமை ஓரளவு மாறியுள்ளது. கத்தார் நாடு 2020-இல் முதலாளியின் இசைவுக் கடிதம் இன்றி வேலை மாற வழி செய்தது. சவூதியும் 2021-இல் விதிகளைத் தளர்த்தியது. ஆனால் சவூதியில் அப்போது வீட்டுப் பணியாளர்களுக்கு அத்தளர்வு அளிக்கப்படவில்லை. வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குச் செல்லும் நம் சகோதரிகள் இதனை மனத்திற் கொள்ள வேண்டும். 2024 ஜூன் 12-ஆம் நாள் குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் தங்கியிருந்த கட்டடம் தீப்பற்றியதில் நாற்பதுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் மாண்டார்கள். தமிழகத்தவரும் அவர்களுள் இருந்தார்கள்.

இவை தீமைகள். நன்மை இல்லையா? உண்டு. மறைப்பது நேர்மையாகாது. ஊரில் பண்ணை வீட்டுக் களத்தில் கைகட்டி நின்ற என் தந்தையார், நான் அனுப்பிய பணத்தால் அந்தக் களத்துக்குப் போவதை நிறுத்தினார். கூரை வீடு காரை வீடாயிற்று. என் தங்கை செவிலியர் படிப்பை முடித்தாள். பணத்தினும் பெரிய நன்மை ஒன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் முகாமில் எகிப்தியரும் வங்காளியரும் பாகிஸ்தானியரும் பெரிய தாம்பாளத்தில் சோற்றைக் கொட்டிச் சுற்றி அமர்ந்து உண்பார்கள். வந்த மூன்றாம் நாளே என் கையைப் பிடித்து இழுத்து அத்தாம்பாளத்தருகே அமர்த்தினார்கள். ஊரில் தேநீர்க் கடையில் தனிக் குவளையில் குடித்தவன் நான். அன்று உண்ட சோறு தொண்டையில் இறங்கச் சற்று நேரம் ஆயிற்று.

ஆயினும் அதே முகாமில் நம் மாவட்டத்துக்காரர் ஒருவர், "தம்பிக்கு எந்த ஊர்?" என்று கேட்டார். சொன்னேன். "ஊரில் எந்தப் பக்கம்?" என்று அடுத்துக் கேட்டார். அந்த இரண்டாம் கேள்வியின் பொருள் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மறுவாரம் கூட்டுச் சமையலிலிருந்து அவரும் இருவரும் விலகித் தனி அடுப்பு வைத்துக்கொண்டார்கள். அந்நியர் தந்த சமத்துவத்தை நம் மாவட்டத்தார் தரவில்லை.

சிங்கப்பூரும் மலேசியாவும்

சிங்கப்பூரில் தமிழ் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று. பேருந்தில் ஏறினாலும் மருத்துவமனைக்குச் சென்றாலும் மொழி தெரியாத திகைப்பு இல்லை. சட்டம் ஒழுங்காக நடக்கிறது. தொழிலாளியின் கடவுச்சீட்டை முதலாளி வைத்துக்கொள்வது அங்கே குற்றம். ஆனால் வேலை அனுமதிச் சீட்டில் செல்லும் தொழிலாளி குடும்பத்தை அழைத்துச் செல்ல முடியாது. அரசின் இசைவின்றி அந்நாட்டுக் குடிமக்களை மணக்கவும் முடியாது. அவருடைய உழைப்பை அந்நாடு வரவேற்கிறது, வாழ்க்கையை வரவேற்பதில்லை. நான் அங்கிருந்த ஆறு ஆண்டுகளில் என் மகன் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டான். அவன் எழுதக் கற்றதை நான் காணவில்லை.

மலேசியாவுக்குச் சுற்றுலா அனுமதியில் போய் வேலை தேடிக்கொள்ளலாம் என்று சொல்லும் முகவர்களை நம்பாதீர்கள். அவ்வாறு தங்குவோர் சட்டத்தின் முன் குற்றவாளிகள். கூலி கிடைக்காவிடினும் முறையிட இயலாதவர்கள். படித்த பிள்ளைகளுக்கும் வலை விரிக்கப்படுகிறது. தாய்லாந்தில் கணினி வேலை என்று சொல்லி அழைத்துச் சென்று, மியான்மரிலும் கம்போடியாவிலும் இணையவழி மோசடிக் கூடங்களில் அடைத்து வைத்த கொடுமை 2022-இல் வெளிவந்தது. நம் தமிழ்நாட்டு இளைஞர்களும் அதில் சிக்கி மீட்கப்பட்டார்கள்.

மேலை நாடுகள்

கனடா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளின் நிலை வேறு. அங்கே தகுதியுடையோர் குடும்பத்தோடு வாழலாம். நாளடைவில் குடியுரிமையும் பெறலாம். கனடாவில் நிரந்தரவாசியாகி ஐந்தாண்டுக் காலத்தில் 1,095 நாட்கள் வாழ்ந்தவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க முடியும். உரிமைத் தட்டு அங்கே கனமானது. ஆனால் அந்த வாயிலுக்குத் திறவுகோல் கல்வி. கடன் வாங்கிய பணம் மட்டும் அன்று.

அங்கும் அந்த இரண்டாம் கேள்வி கப்பலேறிச் சென்றிருக்கிறது. அதனால்தான் அமெரிக்காவின் சியாட்டில் நகர மன்றம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. அந்நாட்டு நகரங்களுள் அதுவே முதலாவது. கலிபோர்னியச் சட்டமன்றமும் அதே ஆண்டில் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. ஆனால் ஆளுநர் அதனை ஏற்க மறுத்துவிட்டார். இங்கிலாந்து அரசு தனிச் சட்டப்பிரிவு வேண்டாம், நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்று 2018-இல் அறிவித்தது. போராட்டம் முடியவில்லை. எனினும் நம் துன்பத்துக்கு அயல்நாட்டு மன்றங்களில் ஒரு பெயர் கிடைத்திருக்கிறது. அதைப் பெற்றுத் தந்தவர்கள் அங்கே படிக்கச் சென்ற நம்மவரும் அவர்தம் நண்பர்களுமே.

சென்றவர் இருவர்

அண்ணல் அம்பேத்கர் 1913-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். பின்னர் இலண்டனிலும் பயின்றார். நியூயார்க்கில் அவர் சாதியை யாரும் கேட்கவில்லை. 1917-இல் பரோடாவுக்குப் பணியேற்கத் திரும்பியபோது தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்து தடியேந்திய கும்பலால் வெளியேற்றப்பட்டார். வெளிநாட்டுப் பட்டம் ஒன்றே சாதியை அழித்துவிடாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? ஆனால் அப்படிப்பைக் கொண்டு அவர் என்ன செய்தார் என்பதை உலகம் அறியும்.

நம் இரட்டைமலை சீனிவாசனாரும் தென்னாப்பிரிக்காவில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். ஈட்டிய பொருளோடு அங்கேயே இருந்துவிடாமல் தாயகம் திரும்பினார். சென்னைச் சட்டமன்றத்தில் பொதுச் சாலையும் பொதுக் கிணறும் அனைவர்க்கும் உரியன என்று 1924-இல் தீர்மானம் கொண்டுவந்தார். 1930-இல் அண்ணலோடு வட்டமேசை மாநாட்டில் அமர்ந்தார். அவ்விருவரும் அயல்நாட்டிலிருந்து கொண்டுவந்தது தங்கச் சங்கிலி அன்று. மனிதனை மனிதனாக நடத்தும் இடம் உண்டு என்னும் அனுபவத்தையும், அதை இங்கும் நிலைநாட்டலாம் என்னும் துணிவையும் கொண்டுவந்தார்கள்.

நாம் செய்ய வேண்டுவன

இளைஞர்களே! போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. போனதால் வாழ்ந்தவன் அப்படிச் சொல்லக் கூடாது. இக்கரைக்கு அக்கரை பச்சை என்று ஏமாறாமல், தெரிந்து போங்கள் என்கிறேன்.

முதலாவது, படிப்பை முடித்துச் செல்லுங்கள். பத்தாம் வகுப்பு தேறாதவரின் கடவுச்சீட்டில் குடிபெயர்வு அனுமதி தேவை என்னும் குறிப்பு விழும். அது பாதுகாப்புக்கான ஏற்பாடே. எனினும் கல்வியில்லாதவரே முதலில் ஏமாற்றப்படுகிறார் என்பதை அரசே ஒப்புக்கொண்டதற்கு அது அடையாளம். உதவியாளுக்கும் தொழில் தேர்ந்தவருக்கும் கூலி வேறு, மதிப்பு வேறு.

இரண்டாவது, பதிவு பெற்ற முகவர் வழியாகவோ, 1978 முதல் இயங்கும் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தின் வழியாகவோ செல்லுங்கள். ஒப்பந்தத்தின் நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும். பிரவாசி பாரதிய காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாய்க் கட்டணத்தில் விபத்து மரணத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய் கிடைக்கும்.

மூன்றாவது, வேலைக்கு மட்டுமன்றிப் படிப்புக்கும் செல்லலாம் என்பதை மறவாதீர்கள். தாழ்த்தப்பட்ட மாணவர் உள்ளிட்டோர் அயல்நாட்டில் மேற்படிப்புப் பயில மத்திய அரசின் உதவித்தொகை ஆண்டுக்கு 125 பேருக்கு வழங்கப்படுகிறது. மாநில அரசும் அத்தகைய திட்டம் வைத்துள்ளது. நம் கழகத்திலிருந்து இதுவரை ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை என்பது வருந்தத்தக்கது.

கழகப் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஞாயிறுதோறும் இக்கட்டடத்தில் ஒரு மேசை போடுங்கள். அயல்நாடு செல்ல எண்ணுவோர் தம் ஒப்பந்தத்தை அங்கே கொண்டுவரட்டும். படித்த பிள்ளைகள் அதை வரிவரியாகத் தமிழில் சொல்லட்டும். அரபு எழுத்து சிறிது அறிந்த நானும் வந்து அமர்கிறேன். மனைப்பட்டாவோடு அலையும் அந்தத் தந்தையார் இந்த அவையில் இருக்கிறார். ஐயா, பட்டாவை அடகுக் கடைக்குக் கொண்டுபோகும் முன் ஒப்பந்தத்தை இம்மேசைக்குக் கொண்டுவாருங்கள். தம்பியின் தேர்வுக்கு இன்னும் ஐந்து மாதமே உள்ளது. வேலை எங்கும் ஓடிவிடாது. மனை போனால் திரும்பாது.

இக்கழகம் தொடங்கியபோது நான் தம்மாமில் இருந்தேன். கடிதம் கண்டு, முகாமிலிருந்த நம்மவர் ஐவர் சேர்ந்து பணம் திரட்டி, மாலை வகுப்புக்கு ஒரு கரும்பலகை வாங்க அனுப்பினோம். அப்பலகை இன்றும் இரண்டாம் அறையில் இருக்கிறது. வரும் வழியில் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். நான் அயல்நாட்டில் ஈட்டியவற்றுள் வீடு பழுதாகிவிட்டது, நகை கைமாறிவிட்டது. அந்தப் பலகையில் கற்றவர்கள் மட்டும் பெருகிக்கொண்டே இருக்கிறார்கள்.

நம் பாட்டனார் கைநாட்டு வைத்துச் சென்றார்கள். நாங்கள் படிக்காமல் கையொப்பமிட்டுச் சென்றோம். நீங்கள் படித்துப் பார்த்துக் கையொப்பமிட்டுச் செல்லுங்கள். சரியில்லை எனில் இடாமல் திரும்பி வாருங்கள். அந்தத் துணிவைத் தருவதே கல்வி.