மனக்காயமும் காயமே!

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்து கொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஒரு கலவரத்தில் கடை எரிந்து போனால் நாம் என்ன செய்கிறோம்? சரக்கு எவ்வளவு, ஷட்டர் எவ்வளவு, கல்லாவில் இருந்தது எவ்வளவு என்று கணக்கு எழுதுகிறோம். நிவாரணம் கேட்டு மனுக் கொடுக்கிறோம். கை உடைந்தவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறோம். ஆனால் அந்தத் தீயை நேரில் பார்த்த கடைப் பையன் ஆறு மாதம் கழித்தும் இரவில் அலறி எழுகிறானே, அது எந்தக் கணக்கில் வருகிறது? "ஆம்பளைப் பிள்ளை பயப்படலாமா?" என்று கேட்டு முடித்து விடுகிறோம். "ஈமானில் பலவீனம்" என்று தீர்ப்புச் சொல்பவர்களும் நம்மிடையே உண்டு.

இது நியாயமா? மகன் யூசுஃபைப் பிரிந்த துக்கத்தில் கண் பார்வையையே இழந்தவர் நபி யஃகூப் (அலை) அவர்கள். அந்தத் துக்கத்தைக் குர்ஆன் மறைக்கவில்லை, எடுத்துச் சொல்கிறது. ஒரு நபிக்கே குறையாகாத கண்ணீர், நம் பிள்ளைக்கு மட்டும் எப்படிக் குறையாகும்?

வியட்நாம் போரிலிருந்து திரும்பிய படைவீரர்கள் பட்ட பாடு வெளிச்சத்துக்கு வந்த பின், 1980ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதைத் தனி நோயாகவே பட்டியலில் சேர்த்தது. நடந்து முடிந்தது மீண்டும் மீண்டும் கண்முன் நடப்பது, கெட்ட கனவு, சிறு சத்தத்துக்கும் திடுக்கிடுவது, அந்த இடத்தையும் அந்தப் பேச்சையும் தவிர்ப்பது, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவது... இவை ஒரு மாதத்தைத் தாண்டியும் நீடித்து அன்றாட வாழ்வைக் கெடுத்தால் அது நோய். கோழைத்தனம் அல்ல!

போஸ்னியாவைப் பாருங்கள். 1992 முதல் 1995 வரை நடந்த போரில் சுமார் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் மானபங்கப்படுத்தப்பட்டார்கள். போர் நடந்து கொண்டிருந்த 1993லேயே, மோனிகா ஹவ்சர் என்ற பெண் மருத்துவர் ஜெர்மனியிலிருந்து சென்று, உள்ளூர்ப் பெண்களோடு சேர்ந்து ஸெனிட்ஸா நகரில் 'மெடிக்கா' என்ற சிகிச்சை மையத்தைத் தொடங்கினார். மருந்து, மனநல ஆலோசனை, தங்க இடம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைத்தன.

அதற்கு மேலும் ஒன்று நடந்தது. பாதிக்கப்பட்ட பெண்களை ஒதுக்கக் கூடாது, கண்ணியப்படுத்த வேண்டும் என்று அங்குள்ள மார்க்க அறிஞர்கள் ஃபத்வா கொடுத்தார்கள். சிந்தித்துப் பாருங்கள்! கவுன்சிலிங் அறையில் ஒரு பெண் எவ்வளவுதான் தேறினாலும், வெளியே வந்ததும் தெரு அவளை ஏளனமாகப் பார்த்தால் காயம் மறுபடி கிழியும். தனி மனிதரை மருத்துவர் ஆற்றலாம். அந்தத் தெருவைத் திருத்த வேண்டியது சமுதாயம் அல்லவா?

அமெரிக்காவின் சிகாகோவில் குடியேறிய போஸ்னிய அகதிகளிடம் ஸ்டீவன் வைன் என்ற மனநல மருத்துவர் வேறொரு முறையைக் கையாண்டார். அவர்கள் பட்டதைச் சாட்சியமாகச் சொல்லச் சொல்லி, எழுதி, அவர்களிடமே படித்துக் காட்டித் திருத்தி, ஆவணமாக அவர்கள் கையில் கொடுத்தார். 1998ல் வெளியான அந்த ஆய்வில் இருந்தவர்கள் 20 பேர். அத்தனை பேருக்கும் இந்த நோய் இருந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது ஏறத்தாழ பாதிப் பேரிடம் நோய் விலகியிருந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் பாதிக்கப்பட்டவர் அங்கே பரிதாபத்துக்குரிய நோயாளியாக அல்ல, சாட்சியாக உட்கார்ந்தார்!

அப்படியானால் ஓடிப் போய், "என்ன நடந்தது, சொல்" என்று துளைக்கலாமா? கூடாது! சம்பவம் நடந்த கையோடு ஒரே அமர்வில் எல்லாவற்றையும் பேச வைப்பது பலன் தரவில்லை என்று ஆய்வுகள் காட்டி விட்டன. உலக சுகாதார நிறுவனம் 2011ல் வெளியிட்ட கையேடும் வற்புறுத்தாதே என்றே சொல்கிறது. முதலில் பாதுகாப்பு, உணவு, உறவினரோடு சேர்த்து வைப்பது. பிறகு, அவர் பேசினால் காது கொடுப்பது. தேவைப்படும் உதவியோடு இணைப்பது.

ஒரு சமுதாயம் மொத்தமாகக் காயப்பட்டால்? 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்ஸாவில் 8,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். தடயத்தை அழிக்க, புதைத்த உடல்களை இயந்திரத்தால் தோண்டி வேறு குழிகளுக்கு மாற்றினார்கள். எலும்புகளையும் உறவினர் ரத்தத்தையும் மரபணுச் சோதனையில் ஒப்பிட்டு அடையாளம் கண்டு, ஆண்டுதோறும் ஜூலை 11ல் பொடோச்சாரியில் ஜனாஸா தொழுது அடக்குகிறார்கள். தாய்மார்களுக்கு மகனின் சில எலும்புகளே கிடைத்தன. ஆனாலும் போய் நின்று துஆச் செய்ய ஒரு கப்ரு கிடைத்தது! 2024ல் ஐ.நா. பொதுச் சபை ஜூலை 11ஐ நினைவு நாளாக அறிவித்தது. "அப்படி ஒன்று நடக்கவே இல்லை" என்று மறுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஒவ்வொரு மறுப்பும் அந்தத் தாய்மாருக்குப் புதிய அடி. உண்மையை ஒப்புக் கொள்வதும், நீதி வழங்குவதும் சமுதாயக் காயத்துக்கு மருந்து.

இளைஞர்களே! நிவாரணப் பணிக்குப் போகும்போது அரிசி, துணியோடு பொறுமையான இரண்டு காதுகளையும் கொண்டு செல்லுங்கள். "மறந்து விடு" என்று சொல்லாதீர்கள். கேட்டதை டீக்கடையில் பேசாதீர்கள், அது அமானிதம்.

வணிகப் பெருமக்களே! உங்கள் கடைப் பையன் விபத்தையோ வன்முறையையோ கண்டு ஒடுங்கிப் போனால் வேலையை விட்டு நிறுத்தாதீர்கள். மருத்துவரிடம் போக விடுப்பும் வண்டிச் செலவும் கொடுங்கள். 2022ல் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மனஸ்' சேவையில் 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி மனநல ஆலோசனை பெறலாம். தமிழிலேயே பேசலாம். எண்ணைக் கல்லாப்பெட்டிக்கு மேலே எழுதி ஒட்டுங்கள்.

துஆச் செய்வோம், மருந்தும் கொடுப்போம். காய்ச்சலுக்கு இரண்டையும் செய்கிற நாம், மனதுக்கு மட்டும் ஏன் ஒன்றோடு நிறுத்த வேண்டும்?