பேர் சொல்லும் பிள்ளை

(யூபிலி விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர், ஞானப்பெற்றோர் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



யூபிலி என்றதும் கோயில் கோபுரத்தைப் பற்றியும், தேரைப் பற்றியும், நமக்கு முன் இங்கே உழைத்த குருக்களைப் பற்றியும் பேசுவது வழக்கம். அவற்றை மற்றவர்கள் பேசுவார்கள். நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள், பங்கு அலுவலகப் பீரோவில் இருக்கும் ஞானஸ்நானப் பதிவேடு. அதிலும் ஒரே ஒரு பத்தி: குழந்தையின் பெயர்.

அந்தப் பத்தியைப் பழைய பக்கங்களிலிருந்து படித்து வாருங்கள். முதலில் சூசை, இராயப்பன், சின்னப்பன், சந்தியாகு, சவரிமுத்து, அடைக்கலமேரி. சில பத்தாண்டுகள் கழித்து லூர்துமேரி, ஆரோக்கியதாஸ், கென்னடி, தமிழ்ச்செல்வன். அண்மைப் பக்கங்களில் ஹர்ஷித், ரித்திக், தியா. பாட்டன் சவரிமுத்து, மகன் சேவியர் ராஜா, பேரன் ரித்திக். ஒரே குடும்பம், ஒரே வீடு. பெயர்களைக் கேட்டால் மூன்று தேசத்தார் போலத் தோன்றுகிறது.

“காலம் கெட்டுப்போச்சு சாமி, சினிமாக்காரன் பேரையெல்லாம் வைக்கிறாங்க” என்று பெரியவர்கள் நம்மிடம் வந்து வருந்துவதுண்டு. அந்த வருத்தத்தை மதிக்கிறோம். ஆனால் தீர்ப்புச் சொல்வதற்கு முன் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். சவரிமுத்து என்ற பெயர் மட்டும் எங்கிருந்து வந்தது?

ஸ்பெயின் நாட்டின் சேவியர் என்ற ஊர்ப்பெயர்தான் புனித பிரான்சிஸ் சவேரியார் வழியாக நம் நாவில் சவரி ஆயிற்று. சந்தியாகு என்பதும் அப்படிக் கடல் கடந்து வந்ததே. பிரான்சு நாட்டில் லூர்து என்ற சிற்றூரில் மாதா காட்சி தந்தது 1858-ஆம் ஆண்டு. 1877-ல் விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையிலுள்ள வில்லியனூரில் லூர்து அன்னையின் சுரூபம் நிறுவப்பட்டது. அதன் பிறகு நம் பக்கத்து வீடுகளில் எத்தனை லூர்துசாமி, எத்தனை லூர்துமேரி! நம் உயர்மறைமாவட்டக் குருவாக இருந்து 1985-ல் கர்தினாலாக உயர்த்தப்பட்ட சைமன் லூர்துசாமி அவர்களின் பெயரும் அதுதானே? அந்நாளில் அது புத்தம் புதிய பெயர். அன்றைய கிழவிகளும் “இன்னா பேரு இது, வாயில நுழையல” என்று சொல்லியிருக்க மாட்டார்களா?

ஆக, மக்கள் யாரை நேசிக்கிறார்களோ, யார் கதையைக் கேட்டு உருகுகிறார்களோ, அவர் பெயரைப் பிள்ளைக்கு இடுகிறார்கள். அன்று அந்தக் கதைகள் பிரசங்கத்திலும், இரவெல்லாம் நடந்த நாடகத்திலும் கிடைத்தன. வெட்டுண்ட கைகளை மாதாவின் அருளால் திரும்பப் பெற்ற ஞானசௌந்தரியின் நாடகத்தை நம் முன்னோர் கண்ணீர் விட்டுப் பார்த்தனர். 1948-ஆம் ஆண்டு ஒன்றிலேயே ஞானசௌந்தரி என்ற பெயரில் இரண்டு திரைப்படங்கள் வெளிவந்தன. நாடகக் கொட்டகையில் இருந்த கதை சினிமாக் கொட்டகைக்கு இடம் மாறியது. கதையோடு பெயர்களும் இடம் மாறின.

நம் விழுப்புரத்துக்கு இதில் தனிப் பங்கு உண்டு. நடிகர் திலகத்தின் முழுப்பெயர் விழுப்புரம் சின்னையா கணேசன். அவர் பெயரின் முதலெழுத்தே நம் ஊர்தான். அறிஞர் அண்ணா எழுதிய நாடகத்தில் மராட்டிய மன்னர் சிவாஜியாக அவர் நடித்ததைக் கண்டு தந்தை பெரியார் அவரைச் சிவாஜி என்று அழைத்தார். அந்தப் பெயரே நிலைத்தது. அந்த மன்னரோ 1677-ல் நம் செஞ்சிக் கோட்டையைப் பிடித்தவர். படையோடு ஒருமுறை நம் மாவட்டத்துக்கு வந்த பெயர், நாடகத்தோடு இரண்டாம் முறை வந்து ஒட்டிக்கொண்டது! அதே மன்னரின் பெயரைத் தாங்கிப் பிறந்த சிவாஜி ராவ் என்ற மற்றொருவருக்கு, இயக்குநர் பாலசந்தர் தம் பழைய படமொன்றின் பாத்திரப் பெயரை எடுத்து ரஜினிகாந்த் என்று சூட்டினார். 1985-ல் பூவே பூச்சூடவா படம் வந்தபோது வளையலுக்கும் சைக்கிளுக்கும்கூட நதியா என்று பெயர். பிள்ளைகளுக்கும் அப்பெயரை இட்டார்கள். அந்த நடிகையின் இயற்பெயரோ சரீனா.

இது நம் ஊர் வழக்கம் மட்டுமன்று. கால்பந்து வீரர் ரொனால்டோவுக்கு அப்பெயர் வந்தது, அவர் தந்தைக்குப் பிடித்த நடிகர் ரொனால்ட் ரீகனால். இன்று அந்த வீரரின் பெயர் நம் கடற்கரை ஊர்களில் தொட்டிலேறுகிறது. சச்சின் டெண்டுல்கருக்கு அவர் தந்தை, இசையமைப்பாளர் சச்சின் தேவ் பர்மனின் பெயரை வைத்தார். பிறகு அந்த ஆட்டக்காரரின் பெயர் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சென்றது. 1953-ல் ஸ்டாலின் மறைந்த வாரத்தில் கலைஞர் தம் மகனுக்கு அப்பெயரை இட்டதை அனைவரும் அறிவோம். 1963-ல் அமெரிக்காவின் முதல் கத்தோலிக்க அதிபர் சுட்டுக் கொல்லப்பட்ட பின் நம் வீடுகளில் கென்னடிகள் பிறந்தனர். 1986-ல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் சென்னைக்கு வந்து சென்ற பின் ஜான் பால்கள் பிறந்தனர்.

இதில் திருச்சபை என்ன சொல்கிறது? 1917-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, கிறிஸ்தவப் பெயரையே இட வேண்டும் என்றது. பெற்றோர் இணங்காவிட்டால் ஒரு புனிதரின் பெயரையும் சேர்த்து, இரண்டையும் பதிவேட்டில் எழுதுமாறு குருவுக்குக் கட்டளையிட்டது. 1983-ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தளர்த்தி, கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயரை இடாதபடி பெற்றோரும் ஞானப்பெற்றோரும் பங்குக் குருவும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. ஆகவே தமிழ்ப்பெயர் வேண்டாம் என்று எந்தக் குருவும் சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது. வீரமாமுனிவர் தேம்பாவணியில் புனித சூசையப்பரை வளன் என்றே அழைத்தார். நீலகண்டன் 1745-ல் ஞானஸ்நானம் பெற்றபோது, லாசர் என்பதன் பொருளைத் தமிழாக்கித் தேவசகாயம் என்ற பெயரை ஏற்றார். அந்தப் பெயரைத்தான் 2022 மே 15 அன்று உரோமையில் புனிதர் வரிசையில் வாசித்தார்கள்.

அப்படியானால் சினிமாப் பெயரை ஏன் தேடுகிறார்கள்? மோகம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட்டால் நாம் மக்களை அறியாதவர்களாவோம். சவரிமுத்து என்றால் மதம் தெரியும். சில பெயர்களில் தெருவும் தெரியும். ரமேஷ் என்றால் ஒன்றும் தெரியாது. வேலை கேட்கப் போகும் இடத்தில், வாடகைக்கு வீடு கேட்கப் போகும் இடத்தில், ஒன்றும் தெரியாத பெயர் சிலருக்குப் பாதுகாப்பு. மேலும், 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை வழங்கும் பட்டியல் சாதி உரிமை 1956-ல் சீக்கியருக்கும் 1990-ல் பௌத்தருக்கும் விரிந்தது. கிறிஸ்தவரான தலித் மக்களுக்கோ அது இன்னும் எட்டவில்லை. அதனால் கோயிலில் ஒரு பெயரும் பள்ளிக்கூடத்தில் ஒரு பெயருமாக எத்தனையோ பிள்ளைகள் வளர்ந்தார்கள். அது அவர்கள் செய்த குற்றமன்று. அவர்களை இரண்டு பெயருக்குள் தள்ளிய சமுதாயத்தின் குற்றம். நம் கோயிலிலும் கல்லறையிலும் சாதி பார்த்தவர்களுக்கு அதில் பங்கில்லையா என்று இந்த யூபிலி ஆண்டில் நாம் ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எனவே நடிகர் பெயரைவிட நமக்குக் கவலை தருவது வேறு. பெயர் யாருக்காக இடப்படுகிறது என்பதே கேள்வி. தகப்பன் தன் ரசிகர் மன்றத்துக்குக் காட்டிக்கொள்ளப் பிள்ளைமேல் பெயரை ஒட்டினால், அது சுவரில் ஒட்டும் போஸ்டர். படம் மாறினால் போஸ்டரைக் கிழித்துவிடலாம். பிள்ளையை என்ன செய்வது?

இதைவிடக் கொடியது ஒன்றுண்டு. மூன்றாவதும் பெண், நான்காவதும் பெண் என்றால் போதும்பொண்ணு என்றும் வேண்டாம் என்றும் பெயரிடும் வழக்கம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இருந்து வந்திருக்கிறது. அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்ற நம்பிக்கையாம்! பள்ளியில் ஆசிரியை வருகைப் பதிவேட்டை எடுத்து, வகுப்பே கேட்க, நாள்தோறும் அந்தக் குழந்தையை ‘வேண்டாம்’ என்று கூப்பிடுகிறார். அவளும் எழுந்து ‘உள்ளேன்’ என்கிறாள். இதைவிட ஒரு நடிகையின் பெயர் ஆயிரம் மடங்கு மேல் என்று நாம் சொல்வோம்.

வேதாகமத்தில் ராக்கேலை நினைத்துப் பாருங்கள். பிரசவ வேதனையில் உயிர் பிரியும் நேரத்தில் தன் மகனுக்கு பெனோனி, அதாவது என் துயரத்தின் மகன், என்று பெயரிட்டாள். யாக்கோபு மனைவியை இழந்த துக்கத்திலும் அந்தப் பெயரை மாற்றி, பெஞ்சமின் என்று அழைத்தார். தாயின் துயரம் மெய்யானதுதான். ஆனாலும் அதைப் பிள்ளை ஆயுளெல்லாம் சுமக்க வேண்டியதில்லை என்று அந்தத் தகப்பன் கண்டார். அருளப்பர் பிறந்தபோதும் வீட்டில் பெயர்ச் சண்டைதான். உங்கள் உறவில் இப்பெயர் யாருக்கும் இல்லையே என்று சுற்றத்தார் தடுத்தனர். எலிசபெத்து விட்டுக்கொடுக்கவில்லை. பேச முடியாதிருந்த சக்கரியா பலகையில் எழுதி மனைவியின் சொல்லை உறுதி செய்தார். பெயரிடும் நேரத்தில் தாயின் சொல்லுக்கு மதிப்புக் கொடுங்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

முடிவாக, பெற்றோரே, உங்களிடம் நான்கு விண்ணப்பங்கள்.

ஒன்று: கைபேசியில் கண்ட பெயரை அதன் பொருள் தெரியாமல் இடாதீர்கள். பிள்ளை ஒருநாள் கேட்கும்; அன்று சொல்ல உங்களிடம் ஒரு பதில் இருக்கட்டும்.

இரண்டு: வீட்டிலுள்ள பாட்டியைக் கூப்பிடச் சொல்லிப் பாருங்கள். தன் பேரப்பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாத பாட்டி, பாதிப் பாட்டிதான். வளன், அமலன், அருள், சகாயம் என்று அவர் வாய்க்கும் உங்கள் ஆசைக்கும் பொருந்தும் பெயர்கள் நம்மிடம் உண்டு.

மூன்று: பிறப்புச் சான்றிதழிலும் ஞானஸ்நானப் பதிவேட்டிலும் பெயர் ஒன்றாக இருக்கும்படி முயலுங்கள். கலியாண ஓலை எழுதும் நேரத்திலும் கடவுச்சீட்டு வாங்கும் நேரத்திலும் இரண்டு பெயர்களால் அலைகிறவர்களை நாம் காண்கிறோம். சான்றிதழில் பெயரின்றிப் பதிவாகியிருந்தால் ஓராண்டுக்குள் கட்டணமின்றியும், பிறகு 15 ஆண்டுகள் வரை கட்டணத்துடனும் சேர்க்கலாம். ஆகவே மருத்துவமனைப் படியிலேயே அவசரப்பட வேண்டியதில்லை.

நான்கு: எந்தப் பெயரை வைத்தாலும், பிள்ளைக்கு ஒரு புனிதரையும் துணையாகக் கொடுங்கள். அவருடைய திருநாளில் பிள்ளையைப் பூசைக்கு அழைத்து வந்து, அவர் கதையைச் சொல்லுங்கள். சினிமாக்காரர் கதையைச் சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இந்தக் கதையைச் சொல்ல உங்களை விட்டால் ஆளில்லை.

திண்டிவனம் என்ற பெயர் திந்திரிணி வனம், அதாவது புளியங்காடு என்பதிலிருந்து வந்தது என்பார்கள். இன்று அங்கே பேருந்து நிலையமும் கடைத்தெருவும் இருக்கின்றன, காட்டைக் காணோம். ஆனாலும் பெயர் நிற்கிறது. நாம் இடும் பெயரும் நமக்குப் பின் நெடுநாள் நிற்கும். ரித்திக் என்று எழுதிய அதே பத்தியில்தான் சவரிமுத்து என்றும் எழுதியிருக்கிறது. இருவர் தலையிலும் ஊற்றியது ஒரே தண்ணீர். நல்லவனாக வாழ்ந்து பெயருக்குப் பெருமை தேடித் தருகிறவனே பேர் சொல்லும் பிள்ளை. ஆண்டவர் நம் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து ஆசீர்வதிப்பாராக.